ஆவுளியாவின் கண்ணும் சுண்ணாம்பு பட்ட கண்ணும்

புத்தளத்திலிருந்து வடக்கே பழைய மன்னார் வீதியில் போனால், வில்பத்துக் காட்டின் வாசலில் எலுவன்குளம் வரும். கலா ஓயா அங்கே வீதியைக் குறுக்கறுத்துக் கண்டல் மரங்களுக்குள் புகுந்து, கங்கேவாடிப் பக்கமாகக் களப்பில் விழுகிறது. காட்டுக்குள் யானை. களப்பைத் தாண்டிய ஆழம் குறைந்த கடலில் கடற்புல் மேயும் ஆவுளியா, பாடநூல் கடற்பசு என்று சொல்லும் அதே பிராணி. இப்போதெல்லாம் அதைக் காண்பது அருமை. யானையும் ஆவுளியாவும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையின் வழிவந்தவை. இரண்டின் கண்ணிலும் கோர்னியா, அதாவது கருவிழியை முன்னால் மூடியிருக்கும் ஒளிபுகு படலம், ஒரு சொட்டு இரத்தமும் ஓடாமல் தெளிந்திருக்கிறது. நம் கண்ணும் அப்படித்தான். மாட்டுக்கும் பூனைக்கும்கூட அதே நிலைதான்.

குடும்பத்தில் ஒரே ஒரு உறவுக்காரர் மட்டும் விலகி நிற்கிறார். அத்திலாந்திக் சமுத்திரக் கரைகளிலும் அங்கே விழும் ஆறுகளிலும் வாழும் மனாட்டி. பார்வைக்கு ஆவுளியாவின் மறுபதிப்பு. வால் மட்டும் வட்டத் துடுப்பாக இருக்கும். நோய் நொடி எதுவும் இல்லாத மனாட்டியின் கோர்னியாவிலும் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. விலங்கியல் வினோதங்களின் பட்டியலில் போட்டு மறந்துவிடக்கூடிய செய்திதான். ஆனால் கண் வைத்தியத்தின் பழைய கேள்வி ஒன்றுக்கு விடை கிடைத்தபோது, அந்த விடை சரிதானா என்று பார்க்க உதவியது இந்த மனாட்டிதான்.

கேள்வி இது. கோர்னியாவுக்குள் ஏன் இரத்தக் குழாய் வளர்வதில்லை? அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளைவிழியின் நுண்குழாய்கள் நெருக்கமாக நிற்கின்றன. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று இமையை விரித்துப் பார்த்தால், மெல்லிய சிவப்பு நூல்கள் கருவிழியை நோக்கி வந்து, அதன் ஓரத்தில் சட்டென்று முடிந்துவிடுவது தெரியும். உருப்பெருக்கியில் இன்னும் தெளிவு: ஒவ்வொரு குழாயும் எல்லை வரை வந்து வளைந்து திரும்பிப் போகிறது. அந்த எல்லை வளையத்தை வைத்தியர்கள் லிம்பஸ் என்பார்கள். குழாய்களுக்கு வளரும்படி உத்தரவு கொடுக்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் வி.ஈ.ஜி.எஃப். அந்தப் புரதம் கோர்னியாவுக்குள்ளேயே இருக்கிறது. குழாயும் பக்கத்தில், உத்தரவும் கையில். இருந்தும் ஒரு குழாய்கூட எல்லையைத் தாண்டுவதில்லை.

2006இல் ‘நேச்சர்’ இதழில் விடை வந்தது. கட்டுரையின் முதல் ஆசிரியர் பாலமுரளி அம்பாட்டி. வேலூரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1995இல், 17 வயதில், மருத்துவப் பட்டம் பெற்று உலகின் மிக இளைய டொக்டர் என்று பத்திரிகைகளில் வந்தவர். ஆய்வை நடத்திய மூத்தவர் அவருடைய அண்ணன் ஜெயகிருஷ்ண அம்பாட்டி. அவர்கள் கண்டது ஒரு பொறி. வி.ஈ.ஜி.எஃப். வேலை செய்ய வேண்டுமானால், குழாய்ச் சுவரில் உள்ள ஏற்பி ஒன்றில் போய் ஒட்ட வேண்டும். கோர்னியா அதே ஏற்பியைச் சுவரில் பதிக்காமல், கரைந்து மிதக்கும் வடிவத்திலும் செய்து வைத்திருக்கிறது. மிதக்கும் ஏற்பி வி.ஈ.ஜி.எஃப்.ஐ வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. உத்தரவு குழாயை எட்டுவதே இல்லை.

எலிகளில் அந்தப் பொறியை மூன்று வெவ்வேறு வழிகளில் முடக்கிப் பார்த்தார்கள். மூன்றிலும் தெளிந்த கோர்னியாவுக்குள் குழாய்கள் புகுந்தன. பிறவியிலேயே கோர்னியாவில் குழாய் வளரும் எலி இனங்களில் பொறி குறைவாக இருந்தது. வெளியிலிருந்து அதைக் கொடுத்ததும் குழாய்கள் விலகின. கருவிழித்திரை இல்லாமல் பிறக்கும் மனிதர்களின் கோர்னியாவிலும் அதே குறை தெரிந்தது. பிறகு விலங்குகளின் முறை. மனாட்டியின் கோர்னியாவில் பொறி இல்லை. ஆவுளியா, யானை, டொல்பின், திமிங்கிலம் எல்லாவற்றிலும் இருக்கிறது. வில்பத்து யானையின் கண்ணும் மன்னார்க் குடா ஆவுளியாவின் கண்ணும் தெளிந்திருப்பதற்கு ஒரே காரணம்தான். எலுவன்குளத்தில் வலை இழுப்பவரின் கண்ணுக்கும் அதுவே.

எனக்கு இந்த ஆய்வு பிடித்துப்போனதற்கு விலங்குகள் மட்டும் காரணமில்லை. கோர்னியா தெளிவாகப் பிறந்து தெளிவாகவே கிடக்கும் பொருள் என்று நாம் நினைத்திருந்தோம். அப்படியில்லை. குழாயை வரவழைக்கும் பொருளும் அதைத் தடுக்கும் பொருளும் ஒரே இடத்தில், ஒவ்வொரு நாளும், சமநிலையில் நிறுத்தப்படுகின்றன. தடுப்பவை இன்னும் பல இருக்கின்றன. பொறி அவற்றில் ஒன்று. காயம் பட்டால் இந்தச் சமநிலைதான் முதலில் ஆட்டம் காண்கிறது. ஆட்டுவிப்பவை நம்மைக் காப்பாற்ற வரும் நோயெதிர்ப்புக் கலங்களே. இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது.

இரத்தம் இல்லாமல் அந்தத் திசு எப்படி உயிர் வாழ்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் அதன் தடிப்பு அரை மில்லிமீற்றர்தான். அகலம் 11 முதல் 12 மில்லிமீற்றர். ஒட்சிசன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்து வருகிறது. சத்துக்கள் உள்ளே இருக்கும் நீர்மத்திலிருந்து வருகின்றன. தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் நார் அடுக்கு. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் நார்கள் அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. அந்த அடுக்கு குலைந்த இடத்தைத்தான் நம் ஊரில் கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்கிறோம். இரத்தக் குழாய் நுழைந்தால் குழாய் மட்டும் ஒளியை மறைப்பதில்லை. அதன் சுவரில் கசியும் நீரும் கொழுப்பும் பக்கத்து நார்களையும் குலைத்துவிடும்.

இனி ஒரு காயத்தைப் பின்தொடர்வோம். சேனை நிலத்தில் பற்றை வெட்டும்போது வளைந்த சுள்ளி விடுபட்டு விசிறி அடிக்கிறது. கோர்னியாவில் கீறல். உடலில் நரம்பு முனைகள் மிக அடர்ந்த இடங்களில் அது ஒன்று. ஆகவே வலி உயிரை எடுக்கும், கண்ணைத் திறக்க முடியாது, நீர் கொட்டும். வைத்தியசாலையில் செம்மஞ்சள் நிறமான ஒரு காகிதத் துண்டின் நுனியை இமைக்குள் தொட்டுவிட்டு நீல ஒளியைப் பாய்ச்சுவார்கள். மேற்படை உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். சில நேரம் நகக்கீறல் போன்ற ஒரு கோடு. சில நேரம் ஓரம் கிழிந்த ஒரு திட்டு.

அந்தப் பச்சைத் திட்டைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் காண முடியாது, எலிகளில் கண்டிருக்கிறார்கள். காயம் பட்ட சில மணி நேரத்துக்குள் லிம்பஸ் குழாய்களின் சுவரில் நியூட்ரோஃபில் என்ற வெண்குருதிக் கலங்கள் ஒட்டத் தொடங்குகின்றன. பிறகு சுவரைத் துளைத்து வெளியே வந்து, நார்களுக்கு இடையே ஊர்ந்து காயத்தை நோக்கிப் போகின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2006இல் அவற்றின் வரவு இரண்டு அலைகளாக நடப்பதைக் காட்டினார்கள். முதல் அலை ஒரு நாள் முடிவதற்குள் உச்சம் தொட்டு இறங்க, பின்னாலேயே இரண்டாவது வருகிறது. அவற்றை அழைப்பதில் காமா-டெல்ட்டா டி கலங்கள் என்ற சிறு கூட்டத்துக்குப் பங்குண்டு. அந்தக் கலங்கள் இல்லாத எலிகளில் நியூட்ரோஃபில்கள் குறைவாக வந்தன. புண் மூடுவதும் தாமதமானது. நியூட்ரோஃபில் என்றால் கிருமியைக் கொல்லும் படை, சீழாக மாறி வெளியேறுவது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். கிருமியே இல்லாத கீறலிலும் அதற்கு வேலை இருக்கிறது. அறுந்த நரம்பு முனைகள் திரும்பி வளர்வதற்குக்கூட நியூட்ரோஃபில் கொண்டுவரும் வி.ஈ.ஜி.எஃப். உதவுகிறது என்று அதே ஆய்வுக்குழு பின்னர் கண்டது. குழாய் வளர்க்கும் புரதமேதான் நரம்பையும் வளர்க்கிறது. முற்றாக ஒழித்துக் கட்டவேண்டிய எதிரி என்று அதை எழுதிவிட முடியாது.

வெளியிலிருந்து வருபவை போக, கோர்னியாவிலேயே குடியிருக்கும் கலங்களும் உண்டு. கோர்னியாவின் நடுப்பகுதியில் நோயெதிர்ப்புக் கலங்கள் கிடையாது என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2002ஐ ஒட்டி பொஸ்டனில் நடந்த ஆய்வுகள் அந்த எழுத்தைத் திருத்தின. நடுவிலும் கிளைகள் விரித்த டென்ட்ரிட்டிக் கலங்கள் இருக்கின்றன. விழிப்படையாமல் கிடப்பதால் பழைய சாயங்களுக்கு அகப்படவில்லை. 2022இல் மெல்பேர்ன் குழு ஒன்று, ஆரோக்கியமான மனிதரின் கண்ணிலேயே டி கலங்கள் ரோந்து சுற்றுவதை உயிர்நிலைப் படமாகப் பிடித்தது. இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் கண்ணிலும் அவை நகர்ந்துகொண்டிருக்கின்றன.

சுத்தமான கீறல் என்றால் கதை ஓரிரு நாளில் முடிந்துவிடும். மேற்படைக் கலங்கள் ஓரங்களிலிருந்து நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும். வந்த நியூட்ரோஃபில்கள் இறக்கும், அல்லது போய்விடும். பொறி தாங்கிக்கொள்ளும், ஒரு குழாயும் உள்ளே வராது. காயத்தில் ஏதாவது தங்கிவிட்டால் கதை மாறுகிறது. சுள்ளி கொண்டுவந்த பூஞ்சை, உள்ளே ஏறிய முள், அறுவை சிகிச்சைத் தையல், வேக வைத்ததுபோல் வெந்துபோன திசு எதுவானாலும் அழைப்பு மணி நிற்காமல் அடிக்கும். நியூட்ரோஃபில்களுக்குப் பின்னால் மேக்ரோஃபேஜ் வரும். இறந்ததை விழுங்கித் துப்புரவு செய்யும் பெரிய கலம் அது.

மேக்ரோஃபேஜ் குழாய் வளர்க்கும் என்ற சந்தேகம் புதிதல்ல. 1970களில் அமெரிக்க அறுவை வைத்தியர் ஜூடா ஃபோக்மனின் குழு, முயலின் கோர்னியாவுக்குள் சிறு பை வெட்டிப் புற்றுநோய்த் துண்டை வைத்தது. குழாய்கள் லிம்பஸிலிருந்து கிளம்பி அந்தத் துண்டை நோக்கியே வளர்ந்தன. தெளிந்த பின்னணியில் ஒவ்வொரு குழாயையும் எண்ணலாம் என்பதால்தான் கோர்னியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே காலத்தில் ஃப்ரோமரும் கிளின்ட்வேர்த்தும் விலங்குகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து வெண்குருதிக் கலங்களைக் குறைத்துப் பார்த்தபோது, காயம் பட்ட கோர்னியாவில் குழாய் வளர்வது தடைப்பட்டது. 1977இல் பொல்வெரினியும் கூட்டாளிகளும் தூண்டிவிடப்பட்ட மேக்ரோஃபேஜ்களை மட்டும் கினிப் பன்றியின் கோர்னியாவில் வைத்தார்கள். புற்றும் இல்லை, கிருமியும் இல்லை, குழாய்கள் வளர்ந்தன.

எப்படி என்பது தெரிய இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. 2004இல் குர்சீஃபென் முதலானோர் எலியின் கோர்னியாவில் தையல் போட்டு அழற்சியை உண்டாக்கினார்கள். அங்கே சுரக்கும் வி.ஈ.ஜி.எஃப்.-ஏ, குழாயை மட்டும் கூப்பிடுவதில்லை, மேக்ரோஃபேஜையும் கூப்பிடுகிறது. வந்துசேரும் மேக்ரோஃபேஜ் இன்னும் வி.ஈ.ஜி.எஃப்.-ஏ சுரக்கிறது, கூடவே அதன் தம்பிகளான சி, டி வகைகளையும் சுரக்கிறது. அவை நிணநீர்க் குழாய்களை வளர்ப்பவை. கூப்பிட்டு வந்தவரே அடுத்தவரைக் கூப்பிடும் இந்தச் சுழற்சியில், மிதக்கும் பொறிகள் எத்தனைதான் பிடிக்கும்? மேக்ரோஃபேஜ்களை முன்கூட்டியே மருந்தால் அழித்துவிட்ட எலிகளில் இரண்டு வகைக் குழாய்களும் வளரவில்லை. தீயணைக்க வந்தவர்கள், தங்கள் வண்டி வரத் தோதாக வீட்டுக்குள்ளேயே வீதி போட்டுவிட்டுப் போன மாதிரி.

வீதி நல்லதா கெட்டதா? கண் வைத்தியரைக் கேட்டால் கையை விரிப்பார். ஆழமான புண் அரித்து அரித்து கோர்னியா ஓட்டையாகும் நிலையில் இருக்கும்போது, ஓரத்திலிருந்து குழாய்கள் வந்து புண்ணை எட்டினால் அவருக்கு நிம்மதி. அரிப்பு நிற்கும், தழும்பு விழும், கண் உருவத்தோடு தப்பும். உயிருக்கும் உறுப்புக்கும் நடுவே உடல் செய்யும் கணக்கில் பார்வை இரண்டாம் இடம்தான். புண் ஆறி அழற்சி அடங்கிய பின்னும் அந்த இரத்தக் குழாய்கள் முற்றாக மறைவதில்லை என்பதில்தான் சிக்கல். எலிகளில் நிணநீர்க் குழாய்கள் சில மாதங்களில் முற்றாகச் சுருங்கிப் போயின. இரத்தக் குழாய்களோ இரத்தம் வற்றி வெறும் தடமாகக் கிடந்தன. மனிதக் கண்ணிலும் இந்த வெற்றுத் தடங்களைப் பிளவு விளக்கு என்ற கண் பரிசோதனைக் கருவியில் காணலாம். அடுத்த அழற்சியில் புதிதாக வளர வேண்டிய அவசியமே இல்லை. பழைய தடத்தில் இரத்தம் ஓடும்.

இதன் முழு விலை தெரிவது கோர்னியா மாற்றும்போதுதான். 1905 டிசம்பர் 7ஆம் திகதி, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியின் ஓல்மூட்ஸ் நகரில், எடுவார்ட் சிர்ம் முதன்முதலில் ஒரு மனிதரின் கோர்னியாவை இன்னொருவருக்கு வைத்து வெற்றி கண்டார். பெற்றவர் அலோய்ஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளி. இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு பட்டுப் பார்வை போனவர். இரண்டு கண்ணிலும் வைத்த ஒட்டுகளில் ஒன்று நிலைக்கவில்லை. மற்றது தெளிவாக நின்றது, அவர் திரும்ப வேலைக்குப் போனார். ஏன் ஒன்று நிலைத்தது, மற்றது நிலைக்கவில்லை என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் கருவி இல்லை. 1948இல் பீற்றர் மெடவார் முயல்களில் அன்னியத் தோல் துண்டுகளைக் கண்ணுக்குள் வைத்து ஆராய்ந்தார். இரத்தக் குழாய் எட்டாத துண்டு பிழைத்தது. எட்டிய துண்டை உடல் நிராகரித்தது. இன்றைக்கு நாம் அறிவது: இரத்தக் குழாய் தாக்கும் கலங்களைக் கொண்டுவருகிறது, நிணநீர்க் குழாய் ஒட்டைப் பற்றிய தகவலைக் கழுத்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகிறது. எலிகளில் அந்தக் கணுக்களை முன்பே அகற்றியபோது நிராகரிப்பு நடக்கவில்லை.

குழாய் இல்லாத கண்ணில் வைத்த ஒட்டு முதல் ஆண்டில் பத்தில் ஒன்பது பேருக்குத் தெளிவாக இருக்கும். உடலில் வேறெந்த உறுப்பு மாற்றும் இவ்வளவு எளிதில் பொருந்துவதில்லை. இரத்த வகைகூட ஒத்துப்பார்க்காமல் வைப்பார்கள். கோர்னியாவைச் சுற்றி நான்கு கால்வட்டங்கள் என்று வைத்துக்கொண்டு, அவற்றில் இரண்டிலோ அதற்கு மேலோ குழாய் புகுந்திருந்தால், வைத்தியர் அதை அபாயக் கண் என்று குறித்துக்கொள்வார். அங்கே பாதிக்கு மேற்பட்ட ஒட்டுகள் நிராகரிக்கப்படக்கூடும்.

இலங்கையர் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கம், 1964இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பியதிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கோர்னியா கொடுத்திருக்கிறது. கொடுப்பதில் நமக்குக் குறையில்லை. ஆனால் குழாய் நிறைந்து சிவந்த கண்ணுக்கு, அடுத்த தெருவிலேயே தானக் கண் இருந்தாலும் பெரிதாகப் பலனில்லை.

அந்தச் சிவந்த கண்களில் மிகக் கொடியவை சுண்ணாம்பு பட்டவை. எலுவன்குளத்துக்குப் பக்கத்தில் அருவக்காட்டில் சுண்ணாம்புக் கல் அகழ்ந்து, ரயிலில் புத்தளம் சீமெந்து ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். கல்லாக இருக்கும் வரை அது கண்ணுக்கு வெறும் தூசி. சுட்டு நீற்றிய பிறகு அதன் காரத்தன்மை பி.எச். 12ஐத் தாண்டுகிறது, குழைத்த சீமெந்தும் அதே கணக்குத்தான். வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்பும் அதுவே. இந்தியாவில் சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடிக் கண்ணில் பீய்ச்சிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிக் கண் வைத்தியர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அமிலம் பட்டால் திசுவின் புரதம் உறைந்து, அதுவே ஓரளவு தடையாகிவிடும். காரம் அப்படி நிற்காது. கலமென்சவ்வின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டே ஆழமாக இறங்கும். இமைக்கு அடியில் ஒட்டிய சுண்ணாம்புத் துணுக்கு, எடுக்கும் வரை காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

காரம் லிம்பஸைச் சுட்டுவிட்டால் இன்னொரு காவலும் போய்விடுகிறது. கோர்னியாவின் மேற்படையைப் புதுப்பிக்கும் மூலக் கலங்கள் அந்த வளையத்தில்தான் குடியிருக்கின்றன. அவை அழிந்தால் வெள்ளைவிழியின் சவ்வு, தன் குழாய்களையும் கூட்டிக்கொண்டு கோர்னியாவின் மேல் படர்ந்துவிடும். அழற்சியும் சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட கண்ணில் வெறுமனே கோர்னியா மாற்றினால் பெரும்பாலும் தோற்கும். மேற்படையைத் தருவதற்கு வேர் இல்லை. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையத்தின் வீரேந்தர் சங்வானும் சகாக்களும் 2012இல் எளிய வழியொன்றை வெளியிட்டார்கள். நோயாளியின் நல்ல கண்ணின் லிம்பஸிலிருந்து இரண்டு மில்லிமீற்றருக்கு இரண்டு மில்லிமீற்றர் துண்டு எடுத்து, எட்டுப் பத்தாக நறுக்கி, பனிக்குடச் சவ்வு விரித்த புண்பட்ட கண்ணில் தூவினாற்போல் ஒட்டிவிடுவது. ஆய்வுகூடத்தில் கலம் வளர்க்கும் செலவு இல்லை. மூலக் கலங்கள் வேர் பிடித்ததும் புதிய மேற்படை விரிகிறது. படர்ந்த குழாய்கள் பின்வாங்குகின்றன. ஏழை நாட்டு வைத்தியசாலைக்குள் நின்று யோசித்தவர்களுக்கே இப்படி ஒரு வழி தோன்றும் என்பது என் எண்ணம். ஒரு கண்ணாவது நன்றாக இருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. இரண்டு கண்ணின் லிம்பஸும் வெந்தவர்களுக்கு வேறொருவரின் லிம்பஸ் வேண்டும், நிராகரிப்புச் சிக்கலும் கூடவே வரும்.

குழாயை நேரடியாகத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது. ஃபோக்மன் முயல் கண்ணில் தொடங்கிய தேடல் 1989இல் வி.ஈ.ஜி.எஃப்.ஐ இனங்காண்பதிலும், 2004இல் பெருங்குடல் புற்றுக்கு பெவாசிசுமாப் என்ற எதிர்ப்புரத மருந்து அனுமதி பெறுவதிலும் போய் முடிந்தது. புற்றுநோய்க்காகச் செய்த அந்த மருந்தைக் கண் வைத்தியர்கள் இப்போது கோர்னியா ஓரத்தில் ஊசியாகப் போட்டும் பார்க்கிறார்கள். இளம் குழாய்கள் சுருங்கும். சுவர் முதிர்ந்த பழைய குழாய்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆகவே காலம் தாழ்த்தாமல் போட வேண்டும்.

மலிவான மருந்து ஸ்டீரொயிட் சொட்டு. வெண்குருதிக் கலங்களின் வரவையே குறைத்துவிடும். சுழற்சி தொடங்கும் இடத்திலேயே கை வைக்கிறது. அப்படியானால் எல்லாப் புண்ணுக்கும் கொடுத்துவிடலாமே? இந்தக் கேள்வியை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பெரிய அளவில் சோதித்தது. 2006 முதல் 2010 வரை, பற்றீரியாப் புண் உள்ள 500 பேர், பெரும்பாலோர் அரவிந்த் நோயாளிகள். எல்லோருக்கும் அன்டிபயோட்டிக், பாதிப் பேருக்குக் கூடவே ஸ்டீரொயிட். மூன்று மாத முடிவில் இரு பிரிவினரின் பார்வையிலும் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. ஆரம்பத்திலேயே பார்வை மிக மோசமாக இருந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அழற்சியை அடக்கினால் பார்வை மிஞ்சும் என்ற கணக்கு, படலத்துக்கு வெளியே எழுதும்போது சுலபம். உள்ளே கிருமி உயிரோடிருக்கும்போது சுலபமில்லை. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீரொயிட் விட்டால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். நம் பக்கத்துப் புண்களில் பூஞ்சை சிறுபான்மையும் அல்ல. 1994இல் மூன்று மாத காலத்தில் மதுரைக்கு வந்த கோர்னியாப் புண் நோயாளிகள் 434 பேரைப் பரிசோதித்ததில், பற்றீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதியாகக் கிடைத்தன. அவர்களில் 284 பேருக்குப் புண் தொடங்கியது ஒரு சிறு காயத்தில்.

சிறு காயம் என்ற அந்த வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்று காட்டியது நேபாளத்தின் பக்தபூர். ஊர்ச் சுகாதாரத் தொண்டர்கள், கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு நிறச்சாயம் தொட்டுப் பார்த்துவிட்டு, மூன்று நாளைக்கு குளோரம்ஃபெனிக்கோல் களிம்பு கொடுத்தார்கள். 2001இல் முடிவு வெளிவந்தது. காயம் பட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்தில் வந்த 109 பேரில் நால்வருக்கு வந்தது. 24 மணி நேரம் கடந்து, இரண்டாம் நாளில் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது.

எலுவன்குளத்துக்கு இந்த 18 மணி நேரம் வேறு கணக்கு. மாரியில் கலா ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலத்தை மேவிப் பாயும். அக்கரையில் இருப்பவருக்குப் புத்தளம் வைத்தியசாலை தூரமாகிவிடும். கரையோரத்தில் உள்ளவர்களுக்குத் தோணி வேலை, வாடி வேலை. நாளைக்குப் பார்ப்போம் என்று போவதற்குள் ஒரு நாள் கழிந்துவிடும். அந்த நாளில்தான் தாய்ப்பால் விடுவதும் நாக்கால் துழாவித் தூசி எடுப்பதும் நடக்கின்றன. அன்போடு செய்வதுதான், வாயிலுள்ள கிருமி திறந்த கீறலுக்குப் போகும் வழியும் அதுதான்.

ஆகவே மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன். கண்ணில் சுண்ணாம்போ சீமெந்தோ பட்டால், வைத்தியசாலைக்கு ஓடுவதற்கு முன் அந்த இடத்திலேயே, கிடைக்கும் சுத்தமான தண்ணீரால், கண்ணைத் திறந்து பிடித்து அரை மணி நேரம் ஊற்றிக் கழுவுங்கள். கிணற்று நீரானாலும் பரவாயில்லை. இமையைப் புரட்டித் துணுக்கு இருந்தால் ஈரத் துணியால் எடுத்துவிட்டுப் பிறகு புறப்படுங்கள். சுள்ளியோ நெல்லோ கீறி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். மறுநாள் வரை வைத்திருக்க வேண்டாம். கண் சிவந்திருக்கிறது என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். போன முறை பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட அதே போத்தலில் ஸ்டீரொயிட் இருக்கலாம்.